கிட்டார் பிரிட்ஜ் திருகுக்குச் சாவி தேடி அலைந்த கதை

செகண்ட் ஹேண்டில் ஓர் அமெரிக்கன் ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் எலெக்ட்ரிக் கிட்டார்) வாங்கினேன். பெட்டி, பெல்ட், கேபிள் எல்லாம் கொடுத்தவர் அலன் கீயை (அறுகோணத் திருகுச் சாவி) மட்டும் கொடுக்கவில்லை. கம்பிகள் எக்கச்சக்க உயரத்தில் நின்றன. பிரிட்ஜில் கம்பிக்கு ஒன்றாக, அதைத் தாங்கும் ஆறு குட்டித் துண்டு (சேடில்), ஒவ்வொன்றிலும் உயரத்தை மாற்ற இரண்டு பொடித் திருகு. அரை மணி நேர வேலை என்று உட்கார்ந்தேன்.

வீட்டு செட்டில் ஆகச் சிறியது 1.5 மி.மீ. மெல்லிய இரண்டு கம்பிகளின் சேடில்களில் கச்சிதமாக உட்கார்ந்தது. மீதி எட்டுத் திருகிலும் நுழையவே இல்லை. வேர்வைத் துரு அடைத்திருக்கும் என்று ஊசியால் சுரண்டினேன், எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், கடைசியில் கீயின் மேல் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. மூன்றாவது கம்பியின் திருகு வாய் பிளந்துவிட்டது. (எழுதவே வெட்கமாக இருக்கிறது.)

விஷயம் இதுதான்: அமெரிக்க ஃபெண்டர் சேடில் திருகு அங்குல அளவு, 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. ஸ்கொயர் (ஃபெண்டரின் மலிவு பிராண்டு) மாதிரி ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ இரண்டு சேடிலை வேறு கிட்டாரிலிருந்து மாட்டியிருக்கிறார்கள்.

பாரிமுனையில் நான்கு கடை ஏறி இறங்கினேன். "பாயின்ட் ஜீரோ ஃபைவ்" என்றால் 5 மி.மீ. எடுத்து வைக்கிறார்கள். எதற்கு என்று கேட்ட ஒருவரிடம் கிட்டாருக்கு என்றேன். "அதுக்கு மியூசிக் கடைக்குல்ல போகணும்" என்றார். ஐந்தாவது கடையில் அங்குல செட் ஒன்று தூசியோடு கிடந்தது. அதில் ஆகச் சின்னது 0.050. குண்டூசியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

வாய் பிளந்த திருகை எடுக்க யாருக்காவது வழி தெரியுமா?

—

மொபைல் ரிப்பேர் செட்டில் டார்க்ஸ் (ஆறு முனை நட்சத்திர வடிவ) பிட் வரிசை இருக்கும். ஓட்டையில் அரைகுறையாக நுழைகிற ஒன்றை எடுத்து, மெதுவாகத் தட்டி உட்காரவைத்துத் திருப்புங்கள். பிக்கப் (கம்பிக்குக் கீழே ஒலியைப் பிடிக்கும் காந்தம்) மேல் பழைய துணி போட மறக்க வேண்டாம். உங்கள் சுத்தியல் கை எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் மாட்டிக்கொண்டது ஸ்டார் திருகில் (தலையில் கூட்டல் குறி, அதாவது பிலிப்ஸ்). ஜப்பான் கிட்டார், இன்டனேஷன் திருகு (சுருதி சரியாக சேடிலை முன்னும் பின்னும் நகர்த்துவது). சாதாரண ஸ்டார் டிரைவர் வழுக்கி வழுக்கித் தலையைத் தின்றது. அங்கே ஜேஐஎஸ் என்று தனித் தரம். பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும், பொருந்தாது. ஜப்பான் பைக் பார்க்கும் மெக்கானிக் அண்ணன்தான் சொல்லி, அவர் டிரைவரையும் கொடுத்தார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் அவரிடம் வாங்கியதுதான். கழுத்து வளைவை அதில்தான் பார்க்கிறேன், 0.25 மி.மீ. தகடு.

—

நான் சர்ச்சில் வாசிப்பவன், என் கிட்டாரில் ஃப்ளாய்ட் ரோஸ் என்ற, ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ். கிறிஸ்துமஸ் கேரல் நடுவில் ஒரு கம்பி அறுந்தது. அந்த பிரிட்ஜில் ஒன்று போனால் பின்னாலிருக்கும் ஸ்பிரிங் இழுத்து மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும். மாற்ற 3 மி.மீ. கீ வேண்டும், அது வீட்டில். ட்ரம்ஸ் தம்பியின் சைக்கிள் பையில் ஒன்று இருந்தது, பிழைத்தேன். இப்போது ஒரு கீ ஸ்ட்ராப்பிலேயே டேப் போட்டு ஒட்டியிருக்கிறது.

—

டார்க்ஸ் யோசனைக்கு நன்றி அண்ணா, திருகு வந்துவிட்டது. கம்பி உயரத்தை 17ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே இருக்கும் உலோகக் கட்டை) 1.6 மி.மீ. வைத்தேன், ஃபெண்டர் சொல்லும் அளவு. அந்த ஒரு சேடில் மட்டும் ஒற்றைக் காலில் நிற்கிறது. புதுத் திருகும் அங்குல மரைதான் வேண்டுமாம், 4-40 (4ஆம் நம்பர் திருகு, அங்குலத்துக்கு 40 மரை). சனிக்கிழமை திரும்பவும் பாரிமுனை.