அப்கிரேடுக்குப் பிறகு லிப்ரேஆபிஸ் பேஸில் ரிப்போர்ட் திறக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் நூலகத்தின் சந்தாக் கணக்கு முழுவதும் லிப்ரேஆபிஸின் டேட்டாபேஸ் நிரலான பேஸில் உருவாக்கிய ஒரே ஓடிபி ஃபைலில் இருக்கிறது. நேற்று கணினியின் உபுண்டு லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன், கூடவே லிப்ரேஆபிஸும் மாறிவிட்டது. டேபிள், ஃபார்ம், குவெரி எல்லாம் திறக்கின்றன. ரிப்போர்ட் மட்டும் டபுள் கிளிக் செய்தால் பிழைச் செய்திதான். டிசைன் வியூவில் ரிப்போர்ட் உருவாக்கும் வரியையே காணோம், விஸார்டு மட்டும் நிற்கிறது. மாதவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்தின் அடியிலும் கூட்டுத்தொகை வரும்படி நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த ரிப்போர்ட் அது. போயே போய்விட்டதா?

பதில் 1
பேஸ் சில வேலைகளுக்கு நம்பியிருக்கும் ஜாவா மென்பொருளைப் பாருங்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தில் ஜாவா டிக் ஆகியிருக்கிறதா? லிப்ரேஆபிஸ் 64 பிட் என்றால் ஜாவாவும் 64 பிட்டாக இருக்க வேண்டும்.

கேட்டவர்
டிக் ஆகித்தான் இருக்கிறது. 64 பிட்தான். ஆஃப் செய்து ஆன் செய்தும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை.

பதில் 2
ஜாவா மேல் தப்பில்லை. உங்கள் ஃபைலுக்குள் இருப்பது ஹெச்எஸ்கியூஎல்டிபி என்ற டேட்டாபேஸ் என்ஜின் என்றால் அதற்கே ஜாவா வேண்டும். டேபிள் திறக்கிறதே, அப்படியென்றால் ஜாவா வேலை செய்கிறது! காணாமல் போனது ரிப்போர்ட்டை வடிவமைக்க உதவும் துணை நிரலான ரிப்போர்ட் பில்டர். டெபியன், உபுண்டு வகையறாவில் அது தனி பேக்கேஜ், பேஸைப் போட்டால் கூடவே வரும் என்று நம்ப முடியாது. பேக்கேஜ் மேனேஜரில் 'லிப்ரேஆபிஸ்-ரிப்போர்ட்-பில்டர்' என்று தேடி நிறுவுங்கள். பிறகு லிப்ரேஆபிஸ் ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திறங்கள்.

ரிப்போர்ட் எங்கேயும் போகவில்லை, பயப்படாதீர்கள். ஓடிபி என்பது ஒரு ஜிப் ஃபைல்தான். ஒரு நகல் எடுத்து, நகலின் பெயரை ஜிப் என்று முடியும்படி மாற்றித் திறந்தால் உள்ளே ரிப்போர்ட்ஸ் என்ற ஃபோல்டர் தெரியும்.

இன்னொன்று: சில பதிப்புகள் ஃபைலைத் திறக்கும்போதே ஃபயர்பேர்டு என்ற வேறொரு டேட்டாபேஸ் என்ஜினுக்கு மாற்றட்டுமா என்று கேட்கும். நகல் எடுக்காமல் சம்மதம் சொல்லாதீர்கள். அங்கே மாறுவது உங்கள் டேட்டாவே.

கேட்டவர்
முதலில் ஜிப்பைத் திறந்தேன். ரிப்போர்ட்ஸுக்குள் மூன்று ஃபோல்டர்கள், என் மூன்று ரிப்போர்ட்டுகள். அப்போதுதான் மூச்சே வந்தது. பேக்கேஜைப் போட்டதும் டிசைன் வியூ வந்துவிட்டது, மாதக் கூட்டுத்தொகையும் பழையபடி அதனதன் இடத்தில் நிற்கிறது. ஃபயர்பேர்டு கேள்வி வரவில்லை. வந்தாலும் தள்ளித்தான் வைப்பேன். மிக்க நன்றி ஐயா. இந்த இழை தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.