வீட்டில் தைத்த துணி டயப்பர் தொடை ஓரம் கசிகிறது: தப்பு துணியிலா, தையலிலா?

செம்பூர் புது அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஐந்து மாதம். வேலைக்குத் திரும்புவதற்குள் ஒரு டஜன் துணி டயப்பர் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இதுவரை நான்கு தைத்தேன், நான்கும் கசிகின்றன.

மெஷின் மாமியாருடையது, காலால் மிதிப்பது. முதலில் மழைக்கோட்டுத் துணியில் ஒன்று தைத்துப் பார்த்தேன். அரை மணியில் குழந்தையின் இடுப்பு வேர்த்துவிட்டது; காலை உதைத்தால் பிளாஸ்டிக் பை மாதிரி சரசரவென்று சத்தம் வேறு. அதை ஒதுக்கிவிட்டு ஆன்லைனில் பி.யு.எல். என்கிற நீர் புகாத துணி வரவழைத்தேன். ஒரு பக்கம் பனியன் துணி போல, மறுபக்கம் பளபளப்பு. பளபளப்பை உள்பக்கமாக வைத்து, அதன் மேல் அப்பாவின் பழைய வேட்டியை எட்டு மடிப்பாக மடித்து, சுற்றிலும் தையல் அடித்த பட்டை. எலாஸ்டிக் தொடையில் உறுத்தக் கூடாதே என்று கால் ஓரத்துக்கு மட்டும் அதே வேட்டியில் விளிம்பைச் சுற்றிப் பைப்பிங் கொடுத்தேன். குண்டூசி குத்தி, வீட்டில் இருந்த காட்டன் நூலில் தைத்தேன்.

நடுவில் ஒரு சொட்டு வெளியே வருவதில்லை. ஒரு மணி நேரத்தில் தொடை ஓரம் மட்டும் நனைகிறது. நேற்று டாக்டரிடம் போய்த் திரும்புவதற்குள் என் மடியெல்லாம் ஈரம். துணி மட்டமா, என் கை மட்டமா?

தாணே அப்பா:

ஓரத்தில் இன்னொரு அடுக்கு பி.யு.எல். வைத்துத் தைத்துப் பாருங்களேன். கூடாரத் தையலில் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

முலுண்ட் தையல் மெஷின்:

இன்னொரு அடுக்கெல்லாம் வேண்டாம். கூடாரத்தில் மழை வெளியிலிருந்து வருகிறது. இங்கே வெள்ளம் உள்ளே இருக்கிறது.

செம்பூர் அம்மா, உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது. அந்த வேட்டிப் பைப்பிங்தான். ஒரு பாதி உள்ளே ஈரத்தில், மறுபாதி வெளியே. அகல் விளக்கில் திரி என்ன செய்கிறது? எண்ணெயை மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. உங்கள் பைப்பிங் அதே வேலையைத்தான் செய்கிறது. பி.யு.எல். எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் அதன் விளிம்பைச் சுற்றி வரும் பருத்தியை அதனால் தடுக்க முடியாது. காட்டன் நூலும் சின்னத் திரிதான். பாலியெஸ்டர் நூலுக்கு மாறுங்கள்.

என் இரண்டு பையன்களுக்கும் நானே தைத்தேன். முதல் ஆறும் உங்களுடையதைப் போலத்தான் ஆயின, அழகுக்காகப் பூப்போட்ட காட்டன் பைப்பிங் வைத்து! அம்மா பார்த்துவிட்டு "பாவாடைக்குப் போடுவதை எதற்குடி இதற்குப் போட்டாய்" என்றார். அப்போது கோபம் வந்தது.

நான் சொல்வதை நம்பாவிட்டால் இன்றே சோதித்துப் பாருங்கள். ஒரு டயப்பரைப் பழைய செய்தித்தாளின் மேல் விரித்து, நடுப்பட்டையில் மெதுவாக அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால், ஈரம் எந்த வழியாக வந்தது என்று தாளே சொல்லிவிடும்.

சரி செய்ய: பைப்பிங்கைப் பிரித்துவிட்டு, பி.யு.எல். விளிம்பையே அரை அங்குலம் உள்ளே மடித்து, அதற்குள் எலாஸ்டிக்கை விடுங்கள். அந்தத் துணி பிசிறாது, ஓவர்லாக் தேவையில்லை. வேட்டிப் பட்டை விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்கட்டும். எலாஸ்டிக்கை ரொம்ப இழுத்துத் தைக்காதீர்கள். தொடையில் சிவப்பு வரி விழுந்தால் அது இறுக்கம்.

குண்டூசியை ஓரமாக வையுங்கள். பளபளப்பு என்பது பாலியூரித்தேன் படலம். அதில் விழுந்த ஓட்டை தானாக மூடாது. துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொண்டு தையுங்கள். ட்ரையரின் சூட்டில் ஓட்டை மூடிக்கொள்ளும் என்று சில பேர் சொல்வார்கள். நான் அதை நம்பிப் போவதில்லை, ஓட்டை குறைவாக விழுவதே மேல். மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி இருந்தால் மாற்றிவிட்டு அதைவிட மெல்லிய 11ஆம் நம்பர் பால் பாயிண்ட் ஊசி, அதாவது முனை உருண்டது, போடுங்கள். கடைக்குப் பழைய ஊசியைக் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள், இல்லாவிட்டால் மெஷினுக்குப் பொருந்தாமல் இன்னொரு நடை. தையல் பொடியாக வேண்டாம், அங்குலத்துக்கு எட்டு போதும். பளபளப்புப் பக்கம் மேலே வந்தால் மெஷினின் பாதத்தில் ஒட்டி நகராது. பட்டர் பேப்பர் துண்டு வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம்.

பால் பாயிண்ட் ஊசி செம்பூரில் கிடைக்காவிட்டால் மும்பை ஹார்பர் லைன் ரயிலில் மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி மங்கள்தாஸ் மார்க்கெட் பக்கம் விசாரியுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள், அந்தக் கூட்டத்தில் நம்மாலேயே முடியாது.

மாட்டுங்கா பாட்டி:

எட்டு மடிப்பையும் சேர்த்துத் தையல் அடித்துவிட்டாயா அம்மா? ஜூன் மழை பிறந்தால் தெரியும். மூன்று நாள் ஆனாலும் நடுமடிப்பு காயாது, வாடை வரும். வேட்டியை அடிக்காமல் மடித்து உள்ளே வை. துவைத்ததும் உதறி ஒற்றையாகப் போட்டால் மின்விசிறியிலேயே காய்ந்துவிடும். அப்பா வேட்டிக்குக் கஞ்சி போடுகிறவர் என்றால் முதலில் இரண்டு மூன்று முறை வெந்நீரில் அலசு. கஞ்சி இருக்கும் வரை துணி நீரைச் சரியாக இழுக்காது. வாசனைக்கு ஊற்றுகிறார்களே அந்த கண்டிஷனரும் கூடாது, அதுவும் அப்படித்தான். பளபளப்புத் துணியைக் கொதிக்க வைக்காதே, இஸ்திரிப் பெட்டியையும் காட்டாதே.

அப்புறம் ஒன்று. கசியவில்லை என்பதற்காக ஒன்றையே நாலு மணி நேரம் விட்டுவிடாதே. இரண்டு மணிக்கொரு தடவை மாற்று. வீட்டில் இருக்கும்போது பாயில் ரப்பர் ஷீட் விரித்து, கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் விடு.

செம்பூர் புது அம்மா:

முலுண்ட் அக்கா, செய்தித்தாள் சோதனை செய்தேன். நடுவில் தாள் காய்ந்தே இருக்கிறது. இரண்டு பக்கமும் பிறை மாதிரி ஈரம், அப்படியே பைப்பிங் வளைவு! என் கணவர் அதை ஃபோட்டோ எடுத்து அண்ணனுக்கு வேறு அனுப்பிவிட்டார்.

ஒன்றைப் பிரித்து, நீங்கள் சொன்ன மாதிரி மடித்து, பாலியெஸ்டர் நூலில் தைத்தேன். ஊசி இன்னும் பழையதுதான். இன்று காலை இரண்டு மணி நேரம் போட்டோம், தொடை ஓரம் காய்ந்திருந்தது. பழைய குண்டூசி ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் ஒரு ரூபாய் அளவு ஈரம். பாட்டி, பட்டையையும் பிரித்துவிட்டேன். அப்பா கஞ்சி போடுகிறவர்தான், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

மீதி மூன்றையும் சனிக்கிழமை பிரிக்க வேண்டும். பைப்பிங் போனதில் கால் பக்கம் ஒரு சுற்று சின்னதாகிவிட்டது. இவள் வளரும் வேகத்துக்கு அடுத்த எட்டையும் ஒரு அங்குலம் கூட்டி வெட்டலாம் என்றிருக்கிறேன்.