சீஸ் பூண்டு ரொட்டியின் 'டாப்பிங்': 'காரப்பாகு' என்னும் முன்மொழிவு

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு,

வணக்கம். நம் குழுமம் தொகுக்கும் அடுமனைச் (பேக்கரி) சொற்பட்டியலில், உணவின் மேல் இடுவதைக் குறிக்கும் 'டாப்பிங்' என்பதற்கு 'மேலீடு' என முன்மொழியப்பட்டிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 'உணர்ச்சி மேலீட்டால்' என்று நாம் எழுதும்போது அச்சொல் மிகுதியையே குறிக்கிறது. 'தொடுகறி'யை ஒட்டி 'இடுகறி' எனலாம் என்று மற்றோர் அன்பர் எழுதியிருந்தார். இலக்கணம் சரிதான், ஆனால் ஈரோட்டிலோ பொள்ளாச்சியிலோ கறி என்றால் ஆட்டுக்கறிதான். அச்சொல்லைப் பலகையில் எழுதி வைக்கும் அடுமனைக்காரர் நாள் முழுவதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் ஒன்றே வேண்டும் என்று தொடங்கியதால் வந்த இடர்ப்பாடு இது. செய்முறையைக் கவனித்தால் வினைகள் மூன்று. நசுக்கிய பூண்டும் கொத்தமல்லித் தழையும் கலந்த வெண்ணெயைக் கீறிய ரொட்டியின் இடுக்குகளில் பூசுகிறோம் (ஊத்துக்குளி வெண்ணெயானால் உப்பைத் தனியே சேர்க்க வேண்டும்); துருவிய மொசரெல்லா சீஸை அதன்மேல் தூவுகிறோம்; 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சீஸ் உருகிப் பொங்கியதும் வெளியே எடுத்து, நாட்டுச் சர்க்கரையைக் கரைத்துக் காய்ச்சி, கொரகொரப்பாக இடித்த வரமிளகாயும் சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்த பாகை மேலே ஊற்றுகிறோம். ஆகவே பூச்சு, தூவல், பாகு என்று வினைக்கொரு சொல்லாகப் பிரிப்பதே தகும். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடிச் சர்க்கரை இதற்கு மிகவும் பொருந்தும்.

இப்பிரிவு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நாட்டுச் சர்க்கரையில் சுக்ரோசுடன் சிறிதளவு குளுக்கோசும் பிரக்டோசும் இருக்கின்றன. பிரக்டோசு குறைந்த சூட்டிலேயே நிறம் மாறத் தொடங்கும். பாகை முன்கூட்டியே ஊற்றி அடுப்பில் வைத்தால், சீஸ் சரியாக உருகுவதற்குள் விளிம்புகள் கருகிக் கசந்துவிடும். எல்லாவற்றையும் 'மேலீடு' என எழுதிவிட்டால், எதை எப்போது இடுவது என்பது புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவதற்கு 'காரப்பாகு' என்பதை முன்மொழிகிறேன். பாகு என்றாலே இனிப்பு உள்ளடங்கியது. காரத்தை முன்னே சேர்த்தால் இரு சுவையும் ஒரு சொல்லில் அடங்கும். பதம் பற்றிய நம் சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன: ஒரு துளியை விரல்களுக்கிடையே தொட்டுப் பிரித்தால் பிசுபிசுக்க வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. கம்பிப் பதம் தாண்டிய பாகு ரொட்டியின்மேல் கடலைமிட்டாயாக இறுகிவிடும்.

அன்புடன்,
கோபிசெட்டிபாளையத்திலிருந்து

—

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

பிரிவு எனக்கு உடன்பாடே. ஆயினும் பள்ளி நூல்களில் அமிலம், காரம் என்று படிக்கும் மாணவர் 'காரப்பாகு' என்பதை வேதியியல் கரைசலாகக் கொள்ள வாய்ப்புண்டு. காரச்சுவைக்கு நம் பக்கத்து 'உறைப்பு' இருக்க, 'உறைப்புப்பாகு' எனலாமே? மேலும், 'கூடுதல் டாப்பிங்' என்று விலைப்பட்டியலில் எழுதுவதற்குப் பொதுச்சொல் ஒன்று வேண்டும்.

பணிவுடன்,
திருப்பூரிலிருந்து

—

அம்மையாருக்கு வணக்கம்.

காரக்குழம்பும் காரச்சேவும் காரப்பொரியும் உண்டு வளர்ந்தவர் எவரும் அவற்றில் சோடா உப்பைத் தேடியதில்லை. சமையல் என்னும் சூழலே பொருளை உறுதிசெய்துவிடும். 'உறைப்பு' எனக்கும் பிடித்த சொல்லே; ஆனால் 'உறைப்புப்பாகு' என்பதை உறைந்த பாகு எனப் பிழையாகப் படிக்கக்கூடும், உறையக் கூடாத பாகுக்கு அது ஆகாது.

பொதுச்சொல் பற்றித் தாங்கள் சொல்வது நியாயம். விலைப்பட்டியலுக்கு மட்டும் 'மேற்சேர்ப்பு' எனவும், செய்முறைக் குறிப்புகளில் பூச்சு, தூவல், காரப்பாகு எனவும் பதியலாம். 'சீஸ்' அப்படியே இருக்கட்டும். 'பாலாடைக்கட்டி'யில் உள்ள ஆடைக்கும் மொசரெல்லாவுக்கும் தொடர்பில்லை, 'பன்னீர்' என்றாலோ அது உருகவே உருகாது. மறுப்பு இல்லையெனில் பட்டியலின் அடுத்த திருத்தத்தில் இவற்றைச் சேர்க்குமாறு தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.