சவிதா புனியாவை நேரில் பார்த்த இரண்டு நாட்கள்

கல்லூரி ஹாக்கி அணியில் மூன்று வருடம் கோல்கீப்பராக நின்றவள் நான். நானாகக் கேட்டு வாங்கிய இடம் இல்லை, வேறு யாரும் நிற்க மாட்டேன் என்றதால் கிடைத்தது. ஆண்கள் அணி கழித்துப்போட்ட பேடுதான் எங்களுக்கு. வார் அறுந்து, உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே தெரியும், முந்தின நாள் வியர்வை காயாமல் மறுநாள் காலையில் ஜில்லென்று முழங்காலில் ஒட்டும். அந்தக் கிட் பையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் முகம் சுளிப்பார், சில நாள் பைக்கும் சேர்த்து ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்வார்.

அதனால்தான் ஹரியானாவில் சிர்சா பக்கத்தில் ஜோத்கான் என்ற கிராமத்திலிருந்து கிட் பையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் பயிற்சிக்குப் போய்வந்த இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி கோல்கீப்பர் சவிதா புனியாவைப் பற்றி முதலில் படித்தபோது, தெரிந்த பெண்ணைப் பற்றிப் படிப்பது போலவே இருந்தது. ஆரம்பத்தில் அவருக்கும் ஹாக்கியில் பெரிய ஆசை எல்லாம் இல்லையாம், தாத்தாதான் விடாமல் அனுப்பியிருக்கிறார். 2011ல் இந்தியாவுக்கு ஆட ஆரம்பித்தவர். ஆனால் என்னைப் போல ஹாக்கி பார்க்கிறவர்களைத் தவிர, வெளியில் பத்து வருடம் கழித்துத்தான் அவர் பெயரைச் சொன்னார்கள். 2017 ஆசியக் கோப்பை இறுதியில் ஆட்டம் சமநிலையில் முடிந்து, சீனாவை ஷூட் அவுட்டில் ஜெயித்ததில் அவர் பங்கு எவ்வளவு என்று அப்போது என் அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

அப்புறம் டோக்கியோ ஒலிம்பிக். 2021 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை காலை, ஆஸ்திரேலியாவுடன் காலிறுதி. குர்ஜித் கவுர் 22வது நிமிடத்தில் அடித்த ஒரே கோல், மீதி நேரமெல்லாம் அதைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஆஸ்திரேலியாவுக்கு ஏழு பெனால்டி கார்னர். கோல்கீப்பரும் நான்கு பேரும் மட்டும் கோட்டில் நிற்பார்கள், எதிரே ஒரு படையே நிற்கும், பந்து உள்ளே தள்ளப்பட்டதும் அந்த நாலு பேரும் பாய்ந்து ஓடுவார்கள், அவர்கள் கால்களுக்கு நடுவே பந்து எங்கிருந்து வருகிறது என்று கீப்பர் கண்டுபிடித்தாக வேண்டும். ஏழிலும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மொபைலில் பார்த்துக்கொண்டிருந்த நான் மேஜைக்கு அடியில் ஒவ்வொரு பந்துக்கும் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒலிம்பிக்கில் நான்காம் இடம்தான், வெண்கலப் போட்டியில் பிரிட்டனிடம் 4-3 என்று தோற்றோம். ஆனாலும் உலக ஹாக்கி சம்மேளனத்தின் சிறந்த கோல்கீப்பர் விருது அந்த வருடத்திலிருந்து தொடர்ந்து மூன்று முறை அவருக்குத்தான்.

நேரில் பார்த்தது 2024 ஜனவரியில், வேலை விஷயமாக ராஞ்சியில் இருந்தபோது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று, அவர்தான் கேப்டன். ஜெர்மனியோடு அரையிறுதி 2-2 என்று முடிந்து ஷூட் அவுட்டுக்குப் போனது. 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டே விநாடி, ஒருத்திக்கு எதிரே ஒருத்தி. டிவியில் பார்க்கும்போது கீப்பர் பாய்வதுதான் கண்ணில் படும். நேரில் பார்த்தால்தான் தெரிகிறது, அவர் பாயாமல் இருக்கும் நேரம்தான் அதிகம். முன்னால் வந்து கோணத்தைக் குறுக்கி, விழாமல், எதிராளியை முதலில் முடிவெடுக்க வைத்துவிட்டு அப்புறம்தான் தரையில் இறங்குகிறார். நான் மூன்று வருடமும் சீக்கிரம் விழுந்துவிடுவேன், அதற்காக வாங்காத திட்டு இல்லை. அங்கே உட்கார்ந்துதான் என் தவறு எது என்று எனக்கு உறைத்தது.

ஷூட் அவுட்டும் சமமாகி, ஒரு அணி முந்தியதுமே முடிந்துவிடும் சடன் டெத் வரை போய் 3-4 என்று தோற்றோம். கேலரி முழுக்க அமைதி, என் பக்கத்தில் ஒரு சிறு பெண் தன் அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஜப்பானோடு கடைசி வாய்ப்பு, அதுவும் மறுநாளே. முந்தின இரவு அவர் தூங்கியிருப்பாரா என்று நினைத்துக்கொண்டே போனேன். அதே பேடு, அதே ஹெல்மெட், கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். அன்று 0-1, பாரிஸ் கைவிட்டுப் போனது. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் எனக்கு எழுந்து போக மனம் வரவில்லை.