3 மைல் டிரெயில், அடிக்கு 8 டாலர், கையில் 6,000: எங்கிருந்து தொடங்குவது?

சிங்கிள்டிராக்

வணக்கம். இடம் நார்த் கரோலைனா, சார்லட்டை ஒட்டிய கவுன்டி. கவுன்டி பார்க் ஒன்றில் சும்மா கிடக்கும் காட்டில் 3 மைல் மவுன்டன் பைக் டிரெயில் போட பார்க் டைரக்டர் வாய்மொழியாகச் சரி என்று சொல்லியிருக்கிறார். கிளப்பில் 40 பேர், மண்வெட்டி எடுப்பவர்கள் 15–20 பேர். பேங்கில் 6,000 டாலர். மெஷின் வைத்துப் போடும் கான்ட்ராக்டர் அடிக்கு 8 டாலர் கேட்கிறார். நடுவே 900 அடி தனியார் நிலம். அவரும் "போட்டுக்கோங்க" என்றுவிட்டார்.

மண் முழுக்கச் சிவப்புக் களிமண். பக்கச்சரிவு, அதாவது பாதை குறுக்கே போகும் மேட்டின் சாய்வு, பெரும்பாலும் 10 முதல் 25%. ஓடையோரம் மட்டும் ஒரு துண்டு மட்டமாக இருக்கிறது.

ஆர்டிபி கிராண்டுக்கு (டிரெயில்களுக்கான மத்திய அரசு மானியம்) கிளப் பெயரில் விண்ணப்பிப்பதா, கவுன்டி பெயரிலா? இருக்கிற 6,000-ஐ எதில் போடுவது? மொத்தத்தையும் கையாலேயே வெட்டிவிட்டால் மிச்சம்தானே?

பேரேடு

கவுன்டி பெயரில் போடுங்கள். இதில் இரண்டாம் பேச்சு வேண்டாம்.

ஆர்டிபி என்கிற ரெக்ரியேஷனல் டிரெயில்ஸ் புரோகிராம் முன்பணம் தருகிற திட்டம் அல்ல. செலவழித்து, ரசீது காட்டி, பிறகு வாங்குவது. உங்கள் கணக்கு 15,840 அடி × 8 = 1,26,720 டாலர். கான்ட்ராக்டர் வேலை நடக்க நடக்க பில் கொடுப்பார். மாநிலம் ரசீதைச் சரிபார்த்து அனுப்புகிற வரை நீங்கள்தான் தாங்க வேண்டும். 6,000 வைத்திருக்கும் கிளப் முதல் பில்லிலேயே படுத்துவிடும். கவுன்டிக்குக் கஜானா இருக்கிறது, ஆடிட் இருக்கிறது, மத்திய அரசுப் பணம் வாங்கத் தேவையான யூஇஐ எண்ணும் ஏற்கெனவே இருக்கும். கிளப் பங்காளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். இன்னொரு லாபம்: பார்ட்ஃப் என்கிற மாநில பார்க் நிதி உள்ளாட்சிகளுக்குத்தான், அதுவும் டாலருக்கு டாலர் போட்டால்தான். அந்தக் கதவும் கவுன்டி வழியாகத்தான் திறக்கும்.

ஆர்டிபி பணம் ரோட்டுக்கு வெளியே ஓடும் வண்டிகள் எரிக்கும் பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. அதனால்தான் 30% மோட்டார் வண்டிப் பாதைக்கு, 30% மோட்டார் இல்லாத பாதைக்கு, 40% பலவகைப் பயன்பாட்டுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். டிரெயிலை சைக்கிளுக்கு மட்டும் என்று எழுதாமல் நடப்பவர்களுக்கும் சேர்த்து எழுதினால் அந்த 40% பங்கிலும் போட்டியிடலாம். நிறைய கிளப்புகள் இதைக் கோட்டை விடுகின்றன.

பொதுவாக மத்திய பங்கு 80%, உங்கள் பங்கு 20%. அதாவது 25,344 டாலர். இதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. தன்னார்வலர் உழைப்பைக் கணக்கில் காட்டலாம். 2023-க்கு இண்டிபென்டன்ட் செக்டர் என்கிற தொண்டு நிறுவனக் கூட்டமைப்பு சொன்ன தேசிய மதிப்பு மணிக்கு 33.49 டாலர். அந்த விகிதத்தை மாநிலம் ஏற்றால் 757 மணி நேரம் தேவை. 20 பேர், ஆளுக்கு 4 மணி நேரம் என்றால் ஒன்பதரை நாள் வேலை. எட்டாத கணக்கில்லை.

ஆனால் இங்கேதான் அடி வாங்குவார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் செய்த உழைப்பு பொதுவாகக் கணக்கில் வராது. வருகைத்தாளில் தேதி, பெயர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன வேலை, கையெழுத்து எல்லாம் வேண்டும். "சனிக்கிழமை 18 பேர் வந்தார்கள்" என்று வாட்ஸ்அப்பில் போட்ட படத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். தாளை அன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள். மழையில் நனைந்த தாள் 80 மணி நேரத்தைத் தின்றுவிடும்.

நன்கொடை வாங்க கிளப்புக்கு 501சி3 தகுதி, அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு என்ற தகுதி, எடுங்கள். ஃபார்ம் 1023-ஈஇஸட், கட்டணம் 275 டாலர், சின்ன கிளப்புக்கு அது போதும்.

மவுன்டன் பைக் டிரெயில்களுக்குப் பேர்போன அர்கன்ஸா மாநிலத்து பென்டன்வில்லைப் பார்த்துக் கனவு காணாதீர்கள். அங்கே 2007-ல் ஸ்லாட்டர் பென் டிரெயில் தொடங்கியதிலிருந்து பின்னால் வால்மார்ட்டின் வால்டன் குடும்பப் பணம் நின்றது. நமக்கெல்லாம் ரசீதுப் புத்தகம்தான்.

சரிவுமானி

6,000-ஐ டிசைன்ல போடுங்க. மெஷின்ல ஒரு டாலர் கூட வேண்டாம். டிரெயில் டிசைன் தெரிஞ்ச ஆளை ரெண்டு மூணு நாள் கூட்டிட்டு வந்து கிளைனோமீட்டரோட (சரிவு அளக்கிற கருவி) நடக்க விட்டு, மரத்துல ரிப்பன் கட்டி, தரையில சின்னக் கொடி நட்டு, வரைபடம் வாங்குங்க. கிராண்ட் விண்ணப்பத்துக்கும் அதே வரைபடம்தான் வேணும். ஆர்டிபில ஒரு நல்ல விதி இருக்கு: திட்டம் ஒப்புதல் ஆகறதுக்கு முந்தைய 18 மாசத்துக்குள்ள திட்டமிடலுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வுக்கும் ஆன செலவை உங்க 20% பங்குல சேர்க்கலாம். பேரேடு சொன்ன "முன்னாடி செஞ்சது வராது"க்கு இது விலக்கு. இம்பாங்கிற சர்வதேச மவுன்டன் பைக் சங்கத்தோட டிரெயில் ஆக்சிலரேட்டர் கிராண்டும் பாருங்க. அது திட்டமிடலுக்கும் டிசைனுக்கும் தர்றது, கட்டுமானத்துக்கு இல்ல. சமபங்கு கேப்பாங்க, அதுக்கும் இந்த 6,000 உதவும்.

இப்ப தரைக்கு வருவோம். பாதி விதியை மனசுல வைங்க: பாதையோட சரிவு பக்கச்சரிவுல பாதிக்கு மேல போகக் கூடாது. பக்கச்சரிவு 20% இருக்கிற இடத்துல பாதை 10%க்கு உள்ள, 12% இருக்கிற இடத்துல 6%க்கு உள்ள. மீறினா தண்ணி குறுக்கே போகாம பாதையிலேயே ஓடும். மொத்த சராசரியை 10%க்குக் கீழ வைங்க. களிமண்ணுல 7–8% வச்சா நிம்மதி.

வெளிச்சரிவு, அதாவது பாதை பள்ளத்துப் பக்கமா லேசா சாயறது, 5% குடுங்க. ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. சைக்கிள் டயர் நடுவுல அமுக்கி அமுக்கி ஒண்ணு ரெண்டு வருஷத்துல பாதை தொட்டி மாதிரி ஆயிடும், வெளி ஓரத்துல மண் வரப்பு கட்டிக்கும், வெளிச்சரிவு போயிடும். அப்புறமும் தண்ணியை வெளியேத்தறது ஏற்ற இறக்க மாற்றம்தான், அதாவது இறங்கிட்டு இருக்கிற பாதை சின்னதா ஒருமுறை ஏறி மறுபடி இறங்கறது. சிவப்புக் களிமண்ணுல 30–40 அடிக்கு ஒண்ணு வைங்க. ரிப்பன் கட்டும்போதே வைக்கணும். கட்டி முடிச்சப்புறம் பள்ளம் தோண்டி வைக்கறது ஒட்டுப்போடற வேலை, அது சீக்கிரம் தூர்ந்துடும்.

பெர்ம் (வளைவோட வெளி ஓரத்துல உயர்த்திக் கட்டற மண்சரிவு) போட்ட வளைவுல தண்ணி உள்பக்கமா இறங்கும். வளைவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு ஏற்ற மாற்றம், வெளிய வந்த உடனே ஒரு ஏற்ற மாற்றம், ரெண்டும் இல்லாட்டி வளைவோட அடி குளமாயிடும். பெர்முக்கு மண் போடும்போது 4–6 அங்குலத்துக்கு ஒரு அடுக்கா போட்டு ஒவ்வொண்ணையும் இடிச்சு இறுக்கணும். இலைமக்கு, வேர் எதுவும் உள்ள போகக் கூடாது. மக்கினா உள்வாங்கும், ஒரு குளிர்காலத்துல பெர்ம் தலை உடைஞ்சு நிக்கும்.

ஈரப்பதம் ரொம்ப முக்கியம். ஒரு பிடி மண்ணைக் கையில அமுக்குங்க. கொழுக்கட்டை மாதிரி நின்னு, விரலால அழுத்தினா உடைஞ்சா சரி. ரிப்பனா நீண்டு விரல்ல ஒட்டினா ஈரம் ஜாஸ்தி, அன்னைக்கு மெஷினை நிறுத்துங்க. மாவா உதிர்ந்தா இறுகவே இறுகாது, தண்ணி தெளிக்கணும்.

கையால வெட்டினா மிச்சமான்னு கேட்டீங்க. முழு பெஞ்ச் வெட்டுல, அதாவது பாதையோட மொத்த அகலத்தையும் சரிவுக்குள்ளேயே வெட்டறதுல, ஒரு ஆள் மணிக்கு 5 அடின்னு தாராளமா வச்சாலும் 3,168 மணி நேரம். உங்க 20 பேர் 4 மணி நேரம் வந்தா 40 சனிக்கிழமை. மாசம் ரெண்டு சனிக்கிழமைன்னா 20 மாசம். ஆறாவது மாசம் 6 பேர் வருவாங்க. அதனால மெஷின் பெஞ்ச் வெட்டட்டும், நீங்க பின்னாடியே வந்து மேல்சரிவை மழுக்கறது, வேர் நறுக்கறது, வடிகால் வாயை அகலப்படுத்தறது, இறுக்கறது செய்யுங்க. பேரேடோட 757 மணி நேரம் இதுலயே வந்துடும்.

20 பேருக்கு 6 மெக்கிளவுட் (ஒரு பக்கம் வாரி, ஒரு பக்கம் களைவெட்டி), 4 புலாஸ்கி (ஒரு பக்கம் கோடாலி, ஒரு பக்கம் கொத்து), 4 ரோக் ஹோ (கனமான களைவெட்டி), 3 மண்வெட்டி, 2 கவைக்கத்தரி போதும். 6 பேருக்கு ஒரு மேஸ்திரி. ஆளுக்கு ஆள் 10 அடி இடைவெளி, இல்லாட்டி புலாஸ்கி பக்கத்து ஆள் முழங்கால்ல இறங்கும்.

எல்லைக்கல்

மேலே இரண்டு பேரும் சொன்னது சரி. விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். 1023-ஈஇஸட் போட வேண்டுமானால், அடுத்த மூன்று வருடத்தில் எந்த வருடமும் மொத்த வரவு 50,000 டாலரைத் தாண்டாது என்று எதிர்பார்க்க வேண்டும். கிராண்ட் கவுன்டி வழியாகப் போனால் பிரச்சினையில்லை. கிளப் வழியாக ஒரு லட்சம் நுழையப் போகிறது என்றால் முழு 1023 ஃபார்ம்தான், கட்டணம் 600. தகுதி வந்த பிறகு வரித்துறைக்கான வருடாந்தர 990 தாக்கலை மூன்று வருடம் தொடர்ந்து விட்டால் தகுதி தானாகவே ரத்தாகும். சின்ன கிளப்புக்கு அது 990-என், ஐந்து நிமிட வேலை. பொருளாளர் மாறும்போதுதான் விட்டுப்போகும்.

வாய்மொழிச் சம்மதம் இரண்டுமே செல்லாக்காசு. பார்க் டைரக்டர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. கவுன்டியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுங்கள்: யார் பராமரிப்பது, மழையில் மூடுவது யார் பொறுப்பு, மரம் விழுந்தால் எத்தனை நாளில் அகற்றுவது, செயின்சா யார் பிடிக்கலாம். கிளப் பொறுப்புக் காப்பீடு எடுத்து, கவுன்டியைக் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்க்க வேண்டும்.

அந்த 900 அடிக்குப் பதிவு செய்த ஈஸ்மென்ட் (அந்த நிலத்தின் வழியே போகும் உரிமை) வாங்குங்கள். வெர்மான்ட்டில் கிங்டம் டிரெயில்ஸ் 1994-லிருந்து தனியார் நிலங்கள் மீது வளர்ந்த பெரிய வலைப்பின்னல். 2019 டிசம்பரில் மூன்று நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்றதும் முக்கியமான பாதைகள் அறுந்தன. உங்கள் 900 அடி நடுவில் இருக்கிறது. அது போனால் 3 மைல் இரண்டு துண்டு. ஆர்டிபியும் தனியார் நிலத்தில் பணம் போடும்போது பொது அனுமதிக்கு எழுத்துப்பூர்வ உறுதி கேட்கும். ஈஸ்மென்ட் கிடைக்கவில்லை என்றால் அந்த நிலத்தைத் தொடாமல் இரண்டு தனி வளையமாக டிசைன் செய்யச் சொல்லுங்கள்.

ஒரு ஏக்கர் கணக்கு: பாதை 3 அடியாக இருந்தாலும் மேல்சரிவும் கொட்டிய மண்ணும் சேர்த்து 6 அடி அகலம் கிளறப்படும். 15,840 × 6 = 95,040 சதுர அடி. 43,560-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2.2 ஏக்கர். நார்த் கரோலைனாவில் ஒரு ஏக்கரைத் தாண்டினால் மண்ணரிப்புத் தடுப்புத் திட்டம் தாக்கல் செய்து ஒப்புதல் வாங்க வேண்டும், அதுவும் வேலை தொடங்க 30 நாள் முன்னதாக. "டிரெயில்தானே" என்று விட்டுவிட்டால் பாதி வேலையில் நிறுத்த உத்தரவு வரும், கான்ட்ராக்டர் மெஷினை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

கடைசியாக நாள்காட்டி. மத்திய பணம் என்பதால் தொல்லியல், அழியும் உயிரினம் இரண்டுக்கும் ஆய்வு உண்டு. சார்லட்டைச் சுற்றிய பீட்மான்ட் என்கிற மலையடிவாரப் பகுதியில் ஷ்வைனிட்ஸ் சூரியகாந்தி என்று ஒன்று இருக்கிறது, 1991-லிருந்து அழியும் இனப் பட்டியலில். மின்கம்பி வழித்தடம், காட்டோரம், வெயில் படுகிற திறப்பு, இங்கெல்லாம் முளைக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பூக்கும்போதுதான் உறுதியாக அடையாளம் காண முடியும். அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. மரம் வெட்டுவதைக் குளிர்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மரப்பட்டைக்குள் வௌவால் குட்டிகள் இருக்கும், அந்த அனுமதி லேசில் கிடைக்காது.

சிங்கிள்டிராக்

எல்லோருக்கும் நன்றி. 1023 விஷயம் நல்ல நேரத்தில் தெரிந்தது. இன்னும் ஒன்று: ஓடையோர மட்டத் துண்டு சுமார் 400 அடி. அங்கே பாதைக்கு அடியில் தண்ணீர் போக கல்வர்ட் பைப் போட்டுவிடலாமா?

சரிவுமானி

வேண்டாம். ஓக் காட்டுல ஒரு இலையுதிர் காலம் போதும், பைப் வாய் அடைச்சுக்கும். அப்புறம் தண்ணி பைப்புக்கு மேல ஏறி பாதையையே அறுத்துட்டுப் போகும். டிரெயிலுக்கு ஆகாத இடமே மட்டநிலம்தான், தண்ணி போக வழி இருக்காது. முதல்ல அந்த 400 அடியை மேல பக்கச்சரிவுக்கு ஏத்த முடியுமான்னு பாருங்க. 600 அடியா நீண்டாலும் பரவாயில்ல, கூடுதல் 200 அடிக்கு 1,600 டாலர். பலகைப் பாதை போட்டா அதைவிட ரொம்ப அதிகம் ஆகும், பலகையும் ஒருநாள் மாத்தணும்.

தவிர்க்கவே முடியலைன்னா ரெண்டு பக்கமும் வாய்க்கால் எடுத்து, நடுவுல கல் போட்டு, மண் மேடாக்கி உயர்த்துங்க. வெள்ளப்படுகைன்னா அந்த மேட்டுக்கும் கவுன்டி அனுமதி வேணும். ஓடையைக் கடக்கிற பாலத்துக்கு ஸ்டீல் பீம் வச்சா ஆர்டிபி பணத்துல அமெரிக்காவில் செஞ்ச ஸ்டீல்தான் போடணும், ஆலைச் சான்றிதழை ஆர்டர் குடுக்கும்போதே கேட்டு வாங்குங்க.

பேரேடு

திருத்தத்துக்கு நன்றி எல்லைக்கல்.

கான்ட்ராக்டர் ஒப்பந்தம் பற்றி ஒன்று. அடிக்கு 8 டாலர் என்றால் ஒவ்வொரு கூடுதல் நெளிவும் அவருக்கு வருமானம். ரிப்பன் கட்டிய கோட்டிலிருந்து எத்தனை அடி விலகலாம், மொத்த நீளத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று எழுதுங்கள். 10% தொகையை நிறுத்தி வையுங்கள். முடிந்த அன்றே தராமல், ஒரு பெருமழைக்குப் பிறகு கூடவே நடந்து, தண்ணீர் தேங்கும் இடங்களைக் குறித்து, சரிசெய்த பின் கொடுங்கள். நீளத்தை ஜிபிஎஸ் வைத்து அளக்க விடாதீர்கள். மரத்தடியில் அது தாவித் தாவிப் பதியும், நீளம் தப்பாகக் காட்டும். உருளை அளவுக்கோலைப் பாதையின் நடுவே உருட்டி, இரண்டு தரப்பும் சேர்ந்து அளந்து, அந்தத் தாளிலும் கையெழுத்து வாங்குங்கள்.