3 மில்லிமீட்டர் வளைவும் ஓயாமல் குதித்த படகும்

என்னுடையது ஆறு மீட்டர் ஃபைபர் படகு, பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜின். பாதி த்ராட்டிலைத் (வேகம் கூட்டும் பிடி) தாண்டினால் போதும், தண்ணீர் சமமாக இருந்தாலும் படகின் மூக்கு மேலும் கீழும் குதிக்கும். இன்ஜினை உள்ளே ட்ரிம் செய்தால், அதாவது அதன் கீழ்ப்பகுதியைப் படகை நோக்கிச் சாய்த்தால், ஆட்டம் அடங்கும், ஆனால் வேகமும் கூடவே போய்விடும். பேட்டரியையும் டேங்கையும் முன்னால் நகர்த்தினேன். குறைந்ததே தவிர நிற்கவில்லை.

அப்புறம்தான் படகைத் தாங்கிகளில் ஏற்றி, அடியில் படுத்து, நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைப் பின்பலகையிலிருந்து (இன்ஜின் மாட்டும் பின் சுவர்) முன்னோக்கி, கீலுக்கு (அடியின் நடுக்கோடு) இணையாக வைத்துப் பார்த்தேன். நடுவில் சட்டம் ஒட்டியது. பின் ஓரத்தில் டார்ச் வெளிச்சம் கசிந்தது. அதாவது அடிப்பாகம் பின்னால் மேல்நோக்கி வளைந்திருந்தது. இடைவெளி 3 மி.மீ. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வேகத்தில் போகும்போது நீர் அந்த வளைவை ஒட்டியே ஓடுகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, பின்பகுதி கீழே இழுக்கப்படுகிறது, மூக்கு தூக்குகிறது. போதாததற்குப் பின் ஓரமும் மழுங்கியிருந்தது. நீர் அங்கே சட்டென்று பிரிந்து போக வேண்டும்; மழுங்கிய ஓரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறக் கூடாது.

உடனே கிரைண்டரை எடுக்க வேண்டாம் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. அடிப்பாகத்தின் பின் ஓரத்தில் மெல்லிய ஆப்புகளை இரண்டு பக்கமும் ஒரே அளவில் தற்காலிகமாகப் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். எனக்கு அதிலேயே குதிப்பு நின்றது. பிறகு ஜெல்கோட்டை (ஃபைபரின் மேல்பூச்சு) தேய்த்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, எபாக்ஸி பிசினில் ஃபைபர் துணி அடுக்கி, மேலே கெட்டிக் கலவை பூசினேன். பின்பலகையோடு மெழுகு தடவிய தட்டைப் பலகை ஒன்றை அணையாகக் கட்டி, அதுவரை கலவையை நிரப்பினால் ஓரம் கூர்மையாக வரும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நீளமான தேய்ப்புப் பலகையால்தான் தேய்க்க வேண்டும், சின்ன சாண்டர் புதிதாகப் பள்ளம் போட்டுவிடும். கடைசியில் பெயின்ட் கட்டாயம், வெயில் எபாக்ஸியைக் கெடுக்கும்.

ஆப்பு அதிகமானால் ஆபத்து. முழு வேகத்தில் மூக்கு அமுங்கி, படகு திடீரென ஒரு பக்கம் திரும்பும்.

இன்னொருவரின் அனுபவம்:

எங்கள் படகில் கதை நேர்மாறு. மூக்கு தூக்கவே தூக்காது, முன்னால் எப்போதும் ஈரம், பின்னாலிருந்து அலை வந்தால் ஒரு பக்கமாக இழுக்கும். சட்டம் வைத்துப் பார்த்ததில் நடுவில்தான் இடைவெளி, அடிப்பாகம் உட்குழிந்திருந்தது. காரணம் ட்ரெய்லர். படகைத் தாங்கும் கட்டைகள் பின்பலகை வரை வராமல் முன்பே முடிந்துவிட்டன. இன்ஜின் எடை பின்பக்கத்தைத் தொங்கவைத்தே வளைத்திருக்கிறது. எனவே முதலில் கட்டைகளைப் பின்பலகை வரை நீட்டினோம். இல்லாவிட்டால் எதைச் சரிசெய்தாலும் திரும்பவும் வளைந்துவிடும். பின் ஓரத்தைத் தேய்த்தால் ஃபைபர் மெலிந்துவிடும் என்பதால் அங்கே கை வைக்காமல், குழியைத்தான் நிரப்பினோம். இப்போது குறைந்த த்ராட்டிலிலேயே படகு பிளேனிங்கில், அதாவது நீரின் மேல் வழுக்கியபடி, நிலையாக ஓடுகிறது, பக்கவாட்டு இழுப்பும் இல்லை.