ஆட்டிறைச்சிக் கறியும் நள்ளிரவு வயிற்றோட்டமும்

கோண்டாவில் வாசகி:
எங்கள் வீட்டு நிகழ்வொன்றுக்காக முதல்நாள் இரவு பெரிய கிடாரத்தில் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சி, மூடிக் குசினியிலேயே வைத்து, மறுநாள் மதியம் இலேசாகச் சூடாக்கிப் பரிமாறினோம். நள்ளிரவு கடந்ததும் இறைச்சி உண்ட பலருக்கு வயிற்றுக்குத்தும் தண்ணீராக வயிற்றோட்டமும் ஏற்பட்டன. சத்தியோ காய்ச்சலோ ஒருவருக்கும் இல்லை. மரக்கறி மாத்திரம் உண்ட மாமியாருக்கு ஒன்றும் நேரவில்லை. கறியில் பழுதான மணமும் இருக்கவில்லை. நன்றாகக் கொதித்த கறி எவ்வாறு இப்படிச் செய்யும்?

ஆய்வுகூட ஊழியர்:
மலப் பரிசோதனையின்றி உறுதி கூற இயலாதெனினும், குளொஸ்ரீடியம் பெர்பிரிஞ்சன்ஸ் என்னும் பற்றீரியாவையே நான் முதலில் ஐயுறுவேன். கொதிநீரில் பற்றீரியா இறந்தாலும் அதன் வித்திகள், அதாவது தடித்த உறையுள் உறங்கும் அதன் வடிவங்கள், தப்பிவிடும். கொதிக்கும்போது ஒட்சிசனும் வெளியேறிவிடுவதால், ஒட்சிசனை விரும்பாத இவ்வுயிரிக்குக் கிடாரத்தின் ஆழம் வாய்ப்பான இடமாகிறது. 43 முதல் 47 பாகை செல்சியசு வரையான சூட்டில் அது ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மேலே எண்ணெய் உறைந்து ஆறிய கறியில் அகப்பையை அடிவரை விட்டுக் கிளறிப் பாருங்கள், உள்ளே இன்னும் சூடிருக்கும். அந்தச் சூடுதான் மணிக்கணக்கில் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நஞ்சு பெரும்பாலும் கறியில் உருவாவதில்லை. உயிருடன் விழுங்கப்பட்ட பற்றீரியா சிறுகுடலில் வித்தியாக மாறும்போதே அந்த நச்சுப் புரதம் வெளிப்பட்டு, குடலின் உட்புறத்தை மூடியுள்ள மேலணிக் கலங்களின் மென்சவ்வில் துளையிட, நீரும் உப்பும் குடலுக்குள் வடிகின்றன. உண்டு 6 முதல் 24 மணி நேரத்தின் பின் நோய் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

கோண்டாவில் வாசகி:
மிக்க நன்றி. அப்படியானால் மதியம் நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால் தப்பியிருப்போமா? சோற்றின்மீதும் சிலர் பழி சொல்கிறார்கள்.

ஆய்வுகூட ஊழியர்:
அடிவரை கிளறி, முழுவதும் 75 பாகைக்கு மேல் சூடேறும்படி கொதிக்க வைத்திருந்தால் பெரும்பாலும் தப்பியிருப்பீர்கள். சோற்றின் கதை வேறு: வெளியே கிடந்த சோற்றில் பசிலசு சீரியசு என்னும் வேறொரு பற்றீரியா உண்டாக்கும் சத்தி நஞ்சு மறுபடி கொதித்தாலும் அழியாது. ஆனால் அது உண்டு 6 மணி நேரத்துக்குள்ளேயே சத்தியைத் தரும். உங்கள் வீட்டில் நிகழ்ந்தது அதுவன்று.

ஓய்வுபெற்ற தாதி:
பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தணிந்துவிடும், தங்கையே. அதுவரை ஜீவனி என்னும் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத் தூளைப் பொதியிலுள்ள அளவுப்படி நீரில் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். முதியவர்களும் குழந்தைகளும் விரைவில் வாடிவிடுவார்கள் என்பதால், நாக்கு வறண்டாலோ சிறுநீர் குறைந்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அடுத்த முறை கறியை இறக்கியவுடன் அகலமான தட்டங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்; அவ்வளவு இடமில்லையென்றால், அன்று காலையிலேயே காய்ச்சுங்கள்.